அடுத்த பாகம் வந்தால் ஏன் சண்டை வருகிறது?

ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரிக்கரை மேல் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். அவனிடம் பெரிய பதவி இல்லை, படை இல்லை. இருப்பதெல்லாம் காஞ்சியில் இருக்கும் இளவரசன் கொடுத்தனுப்பிய ஓலைகள். ஒன்று தஞ்சையில் இருக்கும் சக்கரவர்த்திக்கு, இன்னொன்று பழையாறையில் இருக்கும் இளவரசிக்கு. வழியில் கடம்பூர் மாளிகையில் ஒரு ராத்திரி தங்குகிறான். கேட்கக் கூடாத பேச்சு ஒன்று அவன் காதில் விழுகிறது. அதன் பிறகு அவன் வெறும் தபால்காரனாக இருக்க முடிவதில்லை.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான இடம் அது. அந்த ஏரி இன்றைய வீராணம். கடம்பூர் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான்.

இதே காட்சியை வீடியோ கேம் விளையாடுகிற ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "இது ரோல் பிளேயிங் கேமின் முதல் அத்தியாயம் ஆச்சே" என்பார். சாதாரண ஆள் ஒருவன், கையில் ஒரு வேலை, வழியில் சேரும் துணைகள், பெரிய அரண்மனை ரகசியம், போகப் போக வளரும் திறமை. உலகத்தில் இந்த வகை விளையாட்டுகளில் முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரே ஒரு வித்தியாசம். நாவலில் வந்தியத்தேவன் என்ன செய்வான் என்று கல்கி முடிவு செய்கிறார். விளையாட்டில் அதை விளையாடுகிறவர் முடிவு செய்கிறார். கடம்பூரில் கேட்ட ரகசியத்தைச் சொல்வதா, மறைப்பதா? ஆழ்வார்க்கடியானை நம்புவதா, கழற்றி விடுவதா? ஒவ்வொரு இடத்திலும் கதை நின்று, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்கும்.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான், இந்த விளையாட்டுகளில் அடுத்த பாகம் வரும்போதெல்லாம் ஏன் அவ்வளவு பெரிய சண்டை நடக்கிறது என்பது புரியும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது வேலை வெட்டி இல்லாதவர்களின் கூச்சலாகத் தெரியும். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அந்தக் கூச்சலுக்குள் இரண்டு தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. ஒன்று, "மாற்றிவிட்டார்கள்". இன்னொன்று, "மறந்துவிட்டார்கள்". இரண்டும் கேட்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்றல்ல. முதல் புகாரைத் தயாரிப்பாளர் காதில் போட்டுக்கொள்ளாமல் போகலாம். இரண்டாவதற்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் கனடாவின் பயோவேர் நிறுவனம் எடுத்த 'டிராகன் ஏஜ்' வரிசை. முதல் பாகமான 'ஆரிஜின்ஸ்' 2009 நவம்பரில் வந்தது. ஃபெரெல்டன் என்று ஒரு கற்பனை நாடு. பாதாளத்திலிருந்து கிளம்பி வரும் அரக்கர் படையிடமிருந்து அந்த நாட்டைக் காப்பாற்ற வேண்டும். விளையாடுகிறவர் மனிதராகவோ, எல்ஃப் இனத்தவராகவோ, குள்ளராகவோ பிறக்கலாம். மொத்தம் ஆறு விதமான பூர்வீகக் கதைகள். கடைசியில் ஃபெரெல்டனின் சிம்மாசனத்தில் யார் உட்கார வேண்டும் என்பதையும் விளையாடுகிறவரே முடிவு செய்யலாம். ஒரு தடவை முடிக்கவே ஐம்பது அறுபது மணி நேரம் பிடிக்கும்.

இரண்டாம் பாகம் 2011 மார்ச்சில் வந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்குள் அவசர அவசரமாக முடித்த வேலை. ஆறு பூர்வீகங்கள் போய், ஹாக் என்ற ஒரே மனிதப் பாத்திரம். ஒரு நாடு முழுக்கச் சுற்றிய கதை கிர்க்வால் என்ற ஒரே ஊருக்குள் சுருங்கியது. சண்டை வேகமானது. எல்லாவற்றையும் விட எரிச்சல் தந்தது குகைகள். ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு தடவையும் "இது வேறு குகை" என்று சொன்னார்கள். தமிழ் சினிமாவில் ஒரே பங்களாவை வில்லன் வீடாகவும் ஆஸ்பத்திரியாகவும் காட்டுவது மாதிரி.

ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பை இன்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். குகை பற்றிய புகார் நியாயமானது. ஆனால் அது வேலைத்தரம் பற்றியது, அவ்வளவுதான். "ஏன் ஒரே ஊர்? ஏன் ஒரே குடும்பம்?" என்பது வேறு வகை. அது முதல் பாகத்தை மறுபடி எடுத்துத் தரச் சொல்லும் ஆசை. அகதியாக ஒரு ஊருக்கு வந்த குடும்பம், பல வருடங்களில் அந்த ஊரோடு சேர்ந்து எப்படி உயர்ந்து எப்படி உடைகிறது என்று சொல்ல முயன்ற கதை அது. உலகத்தைக் காப்பாற்றும் கதைகளுக்கு நடுவில் ஒரு வீட்டைக்கூடக் காப்பாற்ற முடியாதவனின் கதை. வந்தபோது திட்டியவர்களில் பலர் பின்னால் அதைத் தேடிப் போய் விளையாடி, நல்லதாகவே பேசினார்கள். முக்கியமான விஷயம், முதல் பாகத்தின் சேவ் ஃபைலை இரண்டாம் பாகம் வாங்கிக்கொண்டது. யாரை ராஜாவாக்கினீர்களோ அவரே அங்கே ராஜா. அதாவது, மாற்றினார்கள், மறக்கவில்லை.

2014-ல் மூன்றாம் பாகமான 'இன்குவிசிஷன்' வந்தபோது பயோவேர் இன்னும் ஒரு படி மேலே போனது. முந்தைய இரண்டு பாகங்களில் எடுத்த முடிவுகளை எல்லாம் வரிசையாகப் பதிந்து புதிய விளையாட்டுக்குள் கொண்டு போக, 'கீப்' என்று தனியாக ஒரு வசதியே செய்து கொடுத்தார்கள். பழைய கணினி பழுதாகி சேவ் ஃபைல் தொலைந்து போனவர்களும் தங்கள் கதையைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட ஒரு வாக்குறுதி. "நீங்கள் செய்தது வீண் போகாது" என்று ரசிகர்கள் அதை எடுத்துக்கொண்டதில் தப்பு இல்லை.

பத்து வருடம் காத்திருந்த பிறகு, 2024 அக்டோபர் 31 அன்று நான்காம் பாகம் 'தி வெயில்கார்ட்' வந்தது. மூன்று பாகங்களில் எடுத்த முடிவுகளில் புதிய விளையாட்டு கேட்டது மூன்றே மூன்று. மூன்றும் 'இன்குவிசிஷன்' சம்பந்தப்பட்டவை. முதல் பாகத்தில் யாரை அரியணையில் உட்கார வைத்தீர்கள் என்ற கேள்வியே இல்லை. அது போதாதென்று, கதை வடக்கே நடந்துகொண்டிருக்க, தெற்கே பழைய நாடுகள் எல்லாம் அழிந்துகொண்டிருக்கும் செய்தி கடிதங்களில் வருகிறது. அறுபது மணி நேரம் உழைத்துக் காப்பாற்றிய நாடு, நாலு வரிக் கடிதத்தில் காலி.

இங்கேதான் இரண்டு புகார்களும் ஒன்றோடொன்று குழம்பின. வெயில்கார்டில் ஆணும் அல்ல பெண்ணும் அல்ல என்று தன்னை உணரும் ஒரு துணைப் பாத்திரம் உண்டு. அதை வைத்து ஒரு கூட்டம், விளையாடிப் பார்த்தும் பாராமலும், மாதக்கணக்கில் வசை பாடியது. வண்ணம் பிடிக்கவில்லை, முகங்கள் பிடிக்கவில்லை என்று இன்னொரு கூட்டம். இந்த இரைச்சலுக்கு நடுவே, பதினைந்து வருடமாகத் தொடர்ந்து விளையாடி வந்தவர்கள் சொன்ன "எங்கள் கணக்கு எங்கே?" என்ற கேள்வி அமுங்கிப் போனது. அதை வசை பாடுகிறவர்களின் பட்டியலிலேயே சேர்த்துவிடுவது தயாரிப்பாளர்களுக்கும் வசதியாகப் போயிற்று. வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் கணக்கு சொன்னது. அந்தக் காலாண்டில் விளையாடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர். எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ பாதி குறைவு. அதே மாதம் பயோவேரில் சிலர் வேலை இழந்தார்கள், பலர் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்பட்டார்கள். விற்பனை குறைந்ததற்குப் பல காரணங்கள் இருக்கும், இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் முந்தைய பாகங்களை நேசித்தவர்களே அடுத்தவருக்குச் சிபாரிசு செய்யத் தயங்கிய விளையாட்டு அது என்பது மட்டும் நிச்சயம்.

சரி, தயாரிப்பாளர் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரும் பத்துக் கேள்விகளை ஒரு விளையாட்டு கேட்கிறது என்று வையுங்கள். எத்தனை விதமான உலகங்கள் உருவாகும்? 1024. அடுத்த பாகம் அத்தனைக்கும் தனித்தனியாக வசனம் எழுதி, குரல் கொடுத்து, படம் வரைய வேண்டும் என்றால் எந்தக் கம்பெனியும் திவாலாகிவிடும். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பது நடக்காத காரியம். அதனால் எல்லோரும் ஏதாவது தந்திரம் செய்கிறார்கள். 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 2006-ல் வந்த 'ஆப்ளிவியன்' கதைக்கும் 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கதைக்கும் நடுவில் இருநூறு வருடம் விட்டுவிட்டார்கள். அதே வரிசையில் 1996-ல் வந்த 'டாகர்ஃபால்' விளையாட்டுக்குப் பல முடிவுகள். 2002-ல் வந்த 'மாரோவிண்ட்' அதற்கு என்ன செய்தது தெரியுமா? காலமே ஒரு கணம் உடைந்து போய், எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டன என்று சொல்லிவிட்டது! கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. "நீ செய்தது நடக்கவே இல்லை" என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்பது வேறு. நினைவில் வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டதை, வாங்கவே இல்லை என்று சொல்லாதே என்பதுதான்.

ரசிகர்களின் பேச்சைக் கேட்டும் கேட்காமலும் ஒரு அடுத்த பாகத்தை எடுக்க முடியும் என்பதற்கு 'பால்டர்ஸ் கேட் 3' சாட்சி. முதல் இரண்டு பாகங்கள் 1998-லும் 2000-லும் பயோவேர் எடுத்தவை. இருபது வருடம் கழித்து மூன்றாவதை எடுத்தது பெல்ஜியத்தின் லாரியன் என்ற வேறு நிறுவனம். 2020 அக்டோபரில் முதல் பகுதியை மட்டும் விலைக்கு விட்டு, விளையாடுகிறவர்களின் கருத்தைக் கேட்டார்கள். பழைய ரசிகர்களின் முதல் புகார், சண்டை முறை. பழைய பாகங்களில் சண்டை நிற்காமல் ஓடும், வேண்டும்போது நிறுத்தி உத்தரவு கொடுக்கலாம். புதியதில் சதுரங்கம் மாதிரி ஆளுக்கொரு முறை. "இது பால்டர்ஸ் கேட்டே இல்லை, உங்கள் பழைய விளையாட்டுக்குப் பெயர் மாற்றி விற்கிறீர்கள்" என்றார்கள். லாரியன் அசையவில்லை. அது "மாற்றிவிட்டார்கள்" புகார். 2023 ஆகஸ்டில் முழு விளையாட்டும் வந்தபோது, அந்த மாற்றமே பெரிய பலமாக இருந்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் கிடைத்தது.

ஆனால் வேறு இரண்டு புகார்களுக்கு லாரியன் உடனே செவி சாய்த்தது. கார்லக் என்ற துணைப் பாத்திரத்தின் முடிவு அரைகுறையாக இருக்கிறது என்று விளையாடியவர்கள் சொன்னார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அவளுக்கு இன்னொரு முடிவு சேர்த்தார்கள். நூறு மணி நேரம் கூடவே வந்த தோழர்கள் கதை முடிந்ததும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை, சட்டென்று முடிந்துவிட்டது என்றார்கள். 2023 நவம்பர் கடைசியில், எல்லோரும் ஆறு மாதம் கழித்து ஒன்றுகூடி விருந்து உண்டு பழங்கதை பேசும் ஒரு முடிவுரையை இலவசமாகச் சேர்த்தார்கள்.

அதற்காக லாரியனைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. இரண்டாம் பாகத்தில் விளையாடுகிறவரின் அன்பால் மனம் திருந்தக்கூடிய விக்கோனியா, அதன் இணைப்புப் பாகத்தில் நல்வழிக்கு வரக்கூடிய சாரெவோக், இருவரையும் மூன்றாம் பாகத்தில் மறுபடி கொடியவர்களாகவே கொண்டு வந்து நிறுத்தினார்கள். பழைய ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்காததில் நியாயம் இருக்கிறது. அது "மறந்துவிட்டார்கள்" புகார்.

சட்டென்று முடிந்துவிட்டது என்று கடிதம் போடுவது, பிறகு ஆசிரியர் முடிவுரை எழுதுவது. இது நமக்குப் பழகிய கதைதான். 1950 அக்டோபரில் ஆரம்பித்து 1954 மே வரை 'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' வந்தது. கதை முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முடிவுரை எழுதி, சரித்திரக் கதையில் எல்லோரையும் கொன்றோ கல்யாணம் செய்து வைத்தோ முடிக்க முடியாது என்று விளக்கி, கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அடுத்த பாகம் எழுதும் வேலை மற்றவர்களுக்கு வந்தது. 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பிற்காலத்தில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். "கல்கி நடை மாதிரி இல்லை" என்ற புகார் இவர்கள் மேல் எப்போதும் உண்டு. இருக்கட்டும், யாரும் கல்கி மாதிரி எழுத முடியாது. ஆனால் கல்கி விட்ட இடத்தில், கல்கி விட்டபடியே பாத்திரங்களை எடுத்துக்கொண்டார்களா என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மணிரத்னம் படத்துக்கும் இந்தத் தராசு பொருந்தும். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28. இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு நாவல் வாசகர்கள் பட்டியல் போட்டார்கள். மணிமேகலை என்ற பெண்ணையே காணோம், சேந்தன் அமுதன் பற்றிய பெரிய திருப்பத்தைக் காணோம் என்று. மணிமேகலையை விட்டது மாற்றம். ஐந்து பாக நாவலை இரண்டு படத்தில் அடக்க யாரையாவது விட்டாக வேண்டும். வருத்தப்படலாம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உண்மையான வாரிசு யார் என்ற கேள்வி நாவலின் கடைசி பாகத்துக்கே அச்சாணி. தியாகம் என்று கல்கி சொல்வதன் அர்த்தமே அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மகுடத்தை விட்டுக்கொடுக்கும் காட்சி இருக்கும், அதன் கனம் குறையும். அந்தப் புகாரை "நாவல் வெறியர்களின் பிடிவாதம்" என்று ஒதுக்கிவிட முடியாது.

கதை எழுதுகிறவர் மாற்ற முடியாத கணக்கு ஒன்றும் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களையும் அவர்களுடைய உறவினரையும் சேர்ந்த நிலம் பறிமுதலானதைப் பேசுகிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கி நந்தினியைப் படைத்தார். ஆனால் கல்லில் இருக்கும் ரவிதாசனை அழிக்கவில்லை. காலியாக இருந்த இடத்தில் இஷ்டம்போல் எழுதினார், எழுதியிருந்த இடத்தை அப்படியே வைத்துக்கொண்டார்.

இதைவிடப் பழைய உதாரணம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. சுந்தரர் பதினோரு பாட்டில் அடியார்களின் பெயர்ப் பட்டியலாகத் திருத்தொண்டத்தொகை பாடினார். தில்லைவாழ் அந்தணரில் தொடங்கும் பட்டியல் அது. பின்னால், காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துத் திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி, ஆளுக்கொரு பாட்டு என்ற அளவில் அதை அந்தாதியாக விரித்தார். அதன் பிறகு சேக்கிழார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளில் பெரியபுராணமாக்கினார். அரங்கேற்றம் நடந்தது தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. தொகை, வகை, விரி என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்று பாக வரிசை என்றே வைத்துக்கொள்ளலாம். முதல் பாகத்தில் பெயர் இருந்த ஒருவரைக்கூட மூன்றாம் பாகம் விட்டுவிடவில்லை.

அதே பட்டியலில் திருநாளைப்போவார் என்ற பெயரோடு நிற்பவர்தான் நந்தனார். தொகையில் பெயர் மட்டும். சேக்கிழாரிடம் முழுக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடியபோது, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பண்ணையார் வேதியரைக் கொண்டு வந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு நந்தன் அந்தப் பண்ணையாரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த நூலுக்குப் பாயிரம் கொடுக்க முதலில் தயங்கினார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். புலவர்கள் பார்வையில் "மாற்றிவிட்டார்" என்ற புகார். ஆனால் அந்த மாற்றம் எதை மறந்தது? எதையும் மறக்கவில்லை. நிலத்தில் உழைத்தவனுக்குக் கோயிலுக்குப் போகக்கூட இன்னொருவனின் அனுமதி வேண்டியிருந்தது என்ற, பழைய கதையில் சொல்லாமல் விட்ட உண்மையை ஞாபகப்படுத்தியது. இருபதாம் நூற்றாண்டில் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில் அந்த நெருப்பையே சந்தேகித்தார். அதுவும் ஒரு அடுத்த பாகம்தான். பெரிய மாற்றம், ஆனால் நந்தன் என்ற மனிதனை மறக்காத மாற்றம்.

இதனால்தான் "மாற்றாதே" என்று கத்துகிறவர்களோடு சேர்ந்துகொள்ள முடியாது. மாற்றக் கூடாது என்றால் நந்தனுக்காக யாருமே பேசியிருக்க மாட்டார்கள்.

புகார் சொல்லும் முறையும் முக்கியம். 2012 மார்ச்சில் பயோவேரின் இன்னொரு வரிசையான 'மாஸ் எஃபெக்ட்' மூன்றாம் பாகத்தோடு முடிந்தது. இது விண்வெளிக் கதை. மூன்று பாகங்களிலும் எடுத்த முடிவுகளுக்கு எல்லாம் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது மூன்று நிறங்களில் கிட்டத்தட்ட ஒரே காட்சி. சில ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பணம் போட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் 402 கப் கேக்குகளை பயோவேர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நிறம் மூன்று, ருசி ஒன்றே! குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்கு எண்பதாயிரம் டாலர் அளவுக்கு நிதியும் திரட்டினார்கள். ஜூன் மாதம் பயோவேர் முடிவை விரித்து இலவசமாகத் தந்தது. அதே ஆண்டு அதே நிறுவனத்தின் பெண் எழுத்தாளர் ஒருவரை இன்னொரு கூட்டம் இணையத்தில் துரத்தித் துரத்தி அசிங்கமாகத் திட்டியது. அவர் குடும்பத்தையும் விட்டு வைக்கவில்லை. கப் கேக் அனுப்பியவர்களின் புகாரில் என்ன குறை என்பது தெளிவாக இருந்தது. திட்டியவர்களிடம் குறை என்று ஒன்றுமே இல்லை, வெறுப்பு மட்டும் இருந்தது. இரண்டையும் "ரசிகர்களின் எதிர்ப்பு" என்று ஒரே பெயரில் எழுதினால் அது முதல் கூட்டத்துக்குச் செய்யும் அநியாயம்.

விளையாடுகிறவர்கள் அடுத்த பாகம் கையில் கிடைத்ததும் தங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இது எனக்குப் பழகியதில்லை என்பதால் கோபமா? அல்லது இது நான் ஏற்கெனவே செய்ததைச் செய்யவில்லை என்கிறது என்பதால் கோபமா? முதலாவது என்றால் பத்து மணி நேரம் பொறுத்துப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. 'டிராகன் ஏஜ் 2' அப்படிப் பொறுத்தவர்களுக்குப் பலன் தந்தது. இரண்டாவது என்றால் தாராளமாகச் சொல்லலாம். எந்தப் பாகத்தில் எந்த முடிவு எங்கே காணாமல் போனது என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். "குப்பை" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் எதையும் திருத்த முடியாது. "கார்லக்கின் முடிவு அரைகுறை" என்பதை வைத்துத் திருத்த முடிந்தது.

தமிழ்நாட்டிலும் விளையாட்டு தயாரிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சோழர் காலத்தை வைத்து ஒரு நல்ல ரோல் பிளேயிங் கேம் என்றாவது வரும், வர வேண்டும். வீராணம் கரையில் ஆரம்பித்தால் இன்னும் சந்தோஷம். அதில் கடம்பூர் மாளிகையில் ஒரு முடிவு எடுக்கச் சொல்லிக் கேட்டால், அதன் அடுத்த பாகத்தை எடுக்கும்போது அந்த முடிவை எடுத்து வைத்திருங்கள். மற்றபடி சண்டை முறையை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், நாயகனையே மாற்றுங்கள். நாலு பேர் திட்டத்தான் செய்வார்கள். கொஞ்ச நாளில் அவர்களே விளையாட வருவார்கள்.